வாலில் மூட்டிய தீ: எஃப்-111 எரிபொருளைக் கொட்டி எரித்தது எப்படி?

இரவு வானில் தாழப் பறந்துவரும் போர் விமானம் ஒன்றின் வாலிலிருந்து, விமானத்தையே விட நீளமான மஞ்சள் தீப்பிழம்பு சீறிப் பாய்வதைக் காட்டும் காணொளிகள் இணையத்தில் அவ்வப்போது சுற்றுக்கு வருகின்றன. பார்ப்பவர்களில் சிலர் விமானம் தீப்பற்றிக்கொண்டது என்று பதறுகிறார்கள். வேறு சிலர் ஆஃப்டர்பர்னரை (இன்ஜினின் பின்பகுதியில் இரண்டாம் முறை எரிபொருளை எரித்துக் கூடுதல் உந்துவிசை தரும் அமைப்பை) முழு வீச்சில் இயக்கினால் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் தருகிறார்கள். இரண்டும் சரியல்ல. அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலிய விமானப்படையிடம் 2010 வரை இருந்த எஃப்-111 ரக விமானத்தைக் காட்டுபவை. விமானி தன் தொட்டியிலுள்ள எரிபொருளைத் தானே வெளியே கொட்டி, அதைத் தன் இன்ஜினின் தீயாலேயே பற்றவைக்கும் செயல் அது. விமானப்படையினர் அதை டம்ப் அண்ட் பர்ன் என்று அழைத்தார்கள்.

ஆஃப்டர்பர்னர் பொருத்திய போர் விமானங்கள் உலகில் ஆயிரக்கணக்கில் பறந்திருக்கின்றன. பறக்கும்போது எரிபொருளை வெளியேற்றும் வசதியும் அவற்றில் பலவற்றுக்கு உண்டு. அப்படியிருந்தும் இந்தத் தீ விளையாட்டுக்கென்று பெயர்பெற்றது ஏறத்தாழ எஃப்-111 மட்டும்தான். இதற்கு இன்ஜினின் வலுவையோ விமானிகளின் துணிச்சலையோ காரணமாகச் சொல்ல முடியாது. எரிபொருளை வெளியேற்றும் குழாயின் வாய் விமானத்தின் எந்த இடத்தில் திறக்கிறது என்ற ஒன்றே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மற்ற வடிவமைப்பாளர்கள் தவிர்க்கப் பாடுபட்ட ஓர் இடத்தில்தான் எஃப்-111-இன் குழாய் திறந்தது.

எரிபொருளைக் கொட்ட வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எந்த விமானத்துக்கும் புறப்படும்போது சுமக்கக்கூடிய அதிகபட்ச எடை ஒன்று, தரையிறங்கும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை இன்னொன்று என இரு வரம்புகள் உண்டு. இரண்டாவது வரம்பு பெரிய விமானங்களில் மிகவும் குறைவாக இருக்கும். போயிங் 747-400 போன்ற விமானத்தில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நூறு டன்னுக்குக் குறையாது. நீண்ட பயணத்துக்காகத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டு கிளம்பிய விமானம் சில நிமிடங்களிலேயே கோளாறு காரணமாகத் திரும்ப நேர்ந்தால், அந்த மிகை எடையோடு சக்கரங்களை ஓடுபாதையில் மோதவிட முடியாது. பிரேக்குகளும் அதைத் தாங்கா. மணிக்கணக்கில் வட்டமடித்து எரித்துத் தீர்க்க நேரமில்லாத சூழலில் எரிபொருளைக் காற்றில் விடுவதே வழி. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் போர் விமானங்களுக்கு இந்தத் தேவை இன்னும் அன்றாடமானது, ஏனெனில் கப்பல் தளத்தில் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கம்பிகள் குறிப்பிட்ட எடைக்கு மேல் தாங்காது.

கொட்டும் குழாயை எங்கே வைப்பது என்பதில் பயணிகள் விமானத் துறை தெளிவாக இருக்கிறது. வெளியேறும் எரிபொருள் விமானத்தின் எந்தப் பகுதியையும் நனைக்கக் கூடாது, அதன் ஆவி விமானத்துக்குள் புகக் கூடாது, தீ அபாயம் எழக் கூடாது என்று அமெரிக்கத் தகுதிச்சான்று விதிகள் நேரடியாகவே சொல்கின்றன. இதனால் பெரிய விமானங்களில் அந்தக் குழாய்கள் இறக்கையின் பின்விளிம்பில், இன்ஜின்களுக்கு வெளியே, நுனியை ஒட்டிய பகுதியில் அமைகின்றன. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற சிறிய விமானங்களில் இந்த ஏற்பாடே கிடையாது. முழு எடையோடும் அவற்றால் பாதுகாப்பாக இறங்கிவிட முடியும். கொட்டுவது போதிய உயரத்தில் நடந்தால், துளிகள் தரையைத் தொடும் முன்பே பெரும்பாலும் ஆவியாகிவிடும். உயரம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் கண்டது. இன்ஜின் கோளாறால் திரும்பிய போயிங் 777 ஒன்று தாழ்வான உயரத்தில் எரிபொருளை விட, அது பள்ளி மைதானங்களில் நின்றிருந்த குழந்தைகள் மேல் சாரலாக விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டியதாயிற்று.

இனி எஃப்-111-இன் வால் பகுதிக்கு வருவோம். ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் உருவாக்கி 1964 டிசம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்ட இந்த விமானம், பறக்கும்போதே இறக்கைகளை முன்னும் பின்னும் மடக்கிக்கொள்ளக்கூடியது. மெதுவாகப் பறக்கையில் இறக்கைகள் 16 பாகை சாய்வில் விரிந்திருக்கும். ஒலியை மிஞ்சும் வேகத்தில் அவை 72.5 பாகை வரை பின்னோக்கி மடங்கி, வால் இறக்கைகளை ஒட்டி ஒடுங்கிக்கொள்ளும். இப்படி நகரும் இறக்கையின் நுனியில் எரிபொருள் வெளியேறும் வாயை வைத்தால், இறக்கை மடங்கிய நிலையில் அந்தச் சாரல் எங்கே போய்ப் படியும் என்பதை யோசித்தாலே சிக்கல் புரியும். மேலும் எரிபொருளின் பெரும்பகுதி உடற்பகுதியில்தான் இருந்தது. உடலின் கடைக்கோடியில், இரட்டை இன்ஜின்களின் நாசில்களுக்கு (வெப்ப வாயு வெளியேறும் வாய்களுக்கு) நடுவே, பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய் வழியே அதை வெளியேற்றினால் விமானத்தின் எந்தப் பகுதியும் நனையாது. அந்த வகையில் அது நல்ல முடிவுதான். இருபுறமும் ஆஃப்டர்பர்னர்கள் இருப்பதுதான் அதிலுள்ள ஒரே வில்லங்கம்.

ஜெட் எரிபொருள் என்பது பெரும்பாலும் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். பெட்ரோலைப் போல அது எடுத்த எடுப்பில் பற்றிக்கொள்வதில்லை. இன்று பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 வகை, குறைந்தது 38 பாகை செல்சியஸ் வரை சூடானால்தான் தீப்பொறியில் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவியும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்குக்கும் குறைவாக இருந்தால் எரியாது, ஐந்து பங்கைத் தாண்டினாலும் எரியாது. பறக்கும் விமானத்திலிருந்து கொட்டப்படும் எரிபொருள் நொடிக்கு நூறு மீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் காற்றில் சிதறி, மெல்லிய துளிகளாகி, விரைவில் நீர்த்துப்போகிறது. சுருக்கமாகச் சொன்னால், வழக்கமான கொட்டலில் எரிபொருள் பற்றிக்கொள்ளாமல் இருப்பதுதான் இயல்பு. வலுவான, தொடர்ச்சியான வெப்ப ஊற்று ஒன்று பக்கத்திலேயே இருந்தால் ஒழிய அந்தத் துளிப்படலம் தீயாக மாறாது.

ஆஃப்டர்பர்னர் அப்படிப்பட்ட ஊற்று. ஜெட் இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கைத்தான் எரியறை பயன்படுத்துகிறது. அதற்கு மேல் வெப்பம் ஏறினால் டர்பைன் தகடுகள் தாங்காது. மீந்திருக்கும் ஆக்சிஜனை வீணாக்காமல், டர்பைனுக்குப் பின்னால் நீண்ட குழலில் இரண்டாம் முறை எரிபொருளைத் தூவி எரிப்பதே ஆஃப்டர்பர்னர். அதிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பம் 1,500 பாகையைத் தாண்டக்கூடும். எஃப்-111-இல் இருந்த பிராட் அண்ட் விட்னி டிஎஃப்30, ஆஃப்டர்பர்னர் பொருத்திப் போர் விமானத்தில் பறந்த முதல் டர்போஃபேன் இன்ஜின், அதாவது உள்ளிழுக்கும் காற்றில் ஒரு பகுதியை எரியறைக்குள் விடாமல் புறமாகச் செலுத்தும் வகை. புறக்காற்று அதிகம் கலந்ததால் எரிவதற்கு மீந்த ஆக்சிஜனும் அதில் அதிகம். ஆஃப்டர்பர்னர் இயங்காத நிலையில் வெளியேறும் வாயு சில நூறு பாகை வெப்பத்தில்தான் இருக்கும், அதுவும் வெளிக்காற்றோடு கலந்து சட்டென்று ஆறிவிடும். அப்போது எரிபொருளைக் கொட்டினால் வெண்ணிறப் புகைபோன்ற தாரைதான் வாலுக்குப் பின்னால் நீளும். ஆஃப்டர்பர்னர் இயங்கும்போது கொட்டினால் அதே தாரை தீயாகிறது.

செய்முறை எளிமையானதுதான். விமானியும் வழிகாட்டியும் அருகருகே அமர்ந்திருக்கும் எஃப்-111-இன் அறையில், கூட்டத்தை நெருங்கும் வேளையில் முதலில் ஆஃப்டர்பர்னர்கள் இயக்கப்படும். அவை நிலையாக எரிந்ததும் எரிபொருளை வெளியேற்றும் சுவிட்ச் போடப்படும். குழாயை நிரப்பிக்கொண்டு எரிபொருள் வாலை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். எட்டியதும் இருபுறத் தீத்தாரைகளின் இடையில் விழுந்து ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். முடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதும், எரிய ஒன்றுமில்லாமல் பிழம்பு சுருங்கி மறையும். தரையிலிருந்து பார்ப்பவருக்குப் பெரும் சாகசமாகத் தெரிவது, அறைக்குள் இருப்பவருக்கு ஒரு சுவிட்சின் இயக்கம் மட்டுமே. திரும்பிப் பார்த்தாலும் வால்முனையை அவர்களால் நன்றாகக் காண இயலாது. ஆகவே அந்தக் காட்சியை மிகக் குறைவாகக் கண்டவர்கள் அதை நிகழ்த்தியவர்கள்தான்.

இதில் உண்மையில் வியக்க வேண்டியது, தீ அணையாமல் நிற்பதுதான். மண்ணெண்ணெய் ஆவியும் காற்றும் கலந்த கலவையில் தீ பரவும் வேகம், கொந்தளிப்பான ஓட்டத்தில்கூட நொடிக்குச் சில மீட்டர்களைத்தான் எட்டும். காற்றோ நொடிக்கு நூறு, நூற்றைம்பது மீட்டர் வேகத்தில் அதைப் பின்னால் தள்ளுகிறது. அப்படிப் பார்த்தால் பிழம்பு விமானத்தை விட்டுப் பிரிந்து, பின்தங்கி, அணைந்துபோக வேண்டும். அது வாலோடு ஒட்டி நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, புதிதாக வரும் எரிபொருள் ஒவ்வொரு கணமும் இருபுறத் தீயால் மீண்டும் மீண்டும் பற்றவைக்கப்படுகிறது. எனவே தீ முன்னோக்கிப் பரவ வேண்டிய தேவையே இல்லை. மற்றொன்று, நாசில்களுக்கு நடுவே உள்ள மொட்டையான வால்முனைக்குப் பின்னால், ஆற்று நடுவே நிற்கும் பாறையின் பின்புறத்தில் சருகுகள் சுழன்றுகொண்டே நிற்பதைப் போல, காற்று வேகமிழந்து சுழலும் ஓர் ஒதுக்கிடம் உருவாகிறது. அங்கே சூடான வாயு தங்கிச் சுழன்று தீயைத் தக்கவைக்கிறது. ஆஃப்டர்பர்னரின் உள்ளேயும் இதே உத்திதான் பயன்படுகிறது: ஓட்டத்துக்குக் குறுக்கே தடுப்புச் சட்டங்களை வைத்து, அவற்றின் மறைவில் தீயை நிறுத்துகிறார்கள்.

அப்படியானால் அந்தத் தீ குழாய் வழியே பின்னேறித் தொட்டிக்குள் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் அச்சப்படத் தேவையில்லை. குழாய்க்குள் நிரம்பியிருப்பது திரவ எரிபொருள். அங்கே காற்று கிடையாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் தீ நுழைய வழியில்லை. எரிபொருளும் உள்ளிருந்து வெளியே அழுத்தத்தோடு பாய்ந்துகொண்டிருக்கிறது. ஆபத்து இருப்பது குழாய் முழுவதும் திரவம் நிரம்பியிருக்கும்போது அல்ல, ஆவியும் காற்றும் கலந்திருக்கும் பாதைகளில்தான். 1963 டிசம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தின் எல்க்டன் அருகே, பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 மின்னல் தாக்கி வெடித்துச் சிதறி 81 பேர் இறந்த விபத்து அத்தகையது. அதற்குப் பிறகுதான் தொட்டிகளின் காற்றோட்டக் குழாய்களை மின்னலிலிருந்து காக்கும் ஏற்பாடுகள் தீவிரமாக ஆராயப்பட்டன. கொட்டும் குழாயும் காற்றோட்டக் குழாயும் வெவ்வேறு என்பதையும், பின்னதுதான் வடிவமைப்பாளரின் தூக்கத்தைக் கெடுப்பது என்பதையும் இந்த இடத்தில் நினைவில் கொள்வது நல்லது.

பிழம்பின் நீளத்துக்கும் நிறத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோ மண்ணெண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். நொடிக்கு 10 கிலோ கொட்டப்படுவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், நொடிக்கு 150 கிலோ, அதாவது தரைமட்டத்தில் சுமார் 125 கனமீட்டர் காற்று அதனோடு கலந்தாக வேண்டும். காற்றுக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். துளிகள் ஆவியாகி, அந்த ஆவி காற்றோடு கலந்து, எரிந்து முடிய நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தாலும், அதற்குள் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 30 மீட்டர் முன்னேறியிருக்கும். எஃப்-111-இன் மொத்த நீளமே 22 மீட்டர் சொச்சம்தான் என்பதால், பிழம்பு விமானத்தை விட நீளமாகத் தெரிவதில் வியப்பில்லை. இதே கணக்கில் வெளிப்படும் வெப்ப ஆற்றல், ஒரு கிலோவுக்கு 43 மெகாஜூல் வீதம், 430 மெகாவாட். பெரிய அனல்மின் அலகு ஒன்று தரும் மின்சாரத்துக்கு இணையான அளவு அது. அத்தனையும் யாருக்கும் பயன்படாமல் காற்றில் கரைகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, ஆஃப்டர்பர்னரின் தீ பெரும்பாலும் நீலமும் ஊதாவும் கலந்து, நடுவில் ஒளிரும் வைரம்போன்ற திட்டுகளோடு தெரியும். குழலுக்குள் எரிபொருளும் காற்றும் நன்றாகக் கலந்து எரிவதால் அங்கே கரித்துகள் குறைவு. வெளியே கொட்டிய எரிபொருளோ கலந்தது பாதி கலக்காதது பாதியாக எரிகிறது. ஆக்சிஜன் போதாத உட்பகுதிகளில் கரித்துகள்கள் உருவாகி, சிவக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிர்கின்றன. அந்த ஒளியால்தான் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே காணொளியைப் பார்த்து இது ஆஃப்டர்பர்னரா, கொட்டி எரித்த எரிபொருளா என்று பிரித்தறிய விரும்புபவர் நிறத்தைப் பார்த்தாலே போதும். இரு நாசில்களிலிருந்து இரண்டு தாரைகளாக இல்லாமல் நடுவிலிருந்து ஒரே பிழம்பாகக் கிளம்புவது இன்னொரு அடையாளம்.

இவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டும் விமானம் அதனால் சிறிதும் வேகம் கூடுவதில்லை. உந்துவிசை கிடைக்க வேண்டுமானால், எரிந்து விரியும் வாயு ஒரு குழலுக்குள் அடைபட்டு, நாசில் வழியே முடுக்கப்பட வேண்டும். திறந்தவெளியில் எரியும் தீ எல்லாத் திசைகளிலும் விரிவதால் தள்ளுவதற்கு எதுவும் கிடைப்பதில்லை. வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைகளை ஏமாற்றவே இந்த உத்தி தோன்றியது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. ஏவுகணையை ஏமாற்றப் பயன்படும் தீக்குண்டுகள் விமானத்தை விட்டு விலகிச் செல்வதால்தான் பயன்படுகின்றன. இங்கே தீயின் தலைப்பகுதி விமானத்தின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. துரத்திவரும் ஏவுகணைக்கு வழியைக் காட்டிவிட்டது போலத்தான் முடியும். இரவில் விமானம் எங்கே இருக்கிறது என்பதைத் தரையிலிருக்கும் அனைவருக்கும் அறிவிப்பதும் தாழப் பறந்து மறைவாகத் தாக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட விமானத்தின் போர்முறைக்குப் பொருந்துவதில்லை.

கசியும் எரிபொருளும் இயங்கும் ஆஃப்டர்பர்னரும் ஒருங்கே சேரும்போது நிகழ்வது எப்போதும் வேடிக்கைக் காட்சியாக இருக்காது என்பதற்கு மறக்கவியலாத சான்று, ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் விபத்து. 2000 ஜூலை 25 அன்று பாரிஸின் சார்ல் து கோல் நிலையத்திலிருந்து கிளம்பிய ஏர் பிரான்ஸ் கான்கார்ட், ஓடுபாதையில் கிடந்த உலோகப் பட்டை ஒன்றின் மேல் ஏறியது; டயர் கிழிந்து, அதன் துண்டு இடது இறக்கையின் அடிப்புறத்தைத் தாக்க, தொட்டி உடைந்து எரிபொருள் பீறிட்டது. தீ பற்றியது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் நால்வரும் இறந்தனர். தீயைப் பற்றவைத்தது சக்கர அறையின் மின்கம்பிகளில் எழுந்த பொறியா, இன்ஜின்களின் வெப்ப வாயுவா என்பதைப் பிரெஞ்சு விசாரணை அமைப்பு விரிவாக ஆராய்ந்தது. மின்பொறிக்கே வாய்ப்பு அதிகம் என்று கருதியது. எப்படிப் பற்றியிருந்தாலும், அது அணையாமல் நின்ற விதம்தான் நம் பேசுபொருளுக்கு நெருக்கமானது. கீழே நீட்டியிருந்த சக்கரத் தண்டின் பின்னால் உருவான காற்றுச் சுழல் தீயைத் தாங்கிக்கொண்டது. எஃப்-111-இன் மொட்டை வாலுக்குப் பின்னால் நின்ற அதே வகைச் சுழல் அது. ஆனால் கான்கார்டில் அது இறக்கையின் அடியில், இன்ஜின்களுக்குக் காற்று நுழையும் வாய்களுக்கு அருகில் அமைந்துவிட்டது. சூடான வாயுவை உறிஞ்சிய இடப்புற இன்ஜின்கள் உந்துவிசையை இழந்தன, தீ இறக்கையின் கட்டமைப்பைத் தின்றது. எஃப்-111-இல் பிழம்பு தொடங்கும் புள்ளிக்குப் பின்னால் விமானம் என்று எதுவுமே இல்லை.

அந்த விபத்து நடந்து இரண்டு மாதங்கள் கழிந்த அக்டோபர் 1 அன்று, சிட்னி ஒலிம்பிக் போட்டியின் நிறைவு விழாவில், அரங்கின் தீபம் அணையும் தருணத்தில் எஃப்-111 ஒன்று பிழம்போடு மேலே கடந்துசென்றது. தீபத்தை வானுக்கு எடுத்துச் செல்வதாக அந்தக் காட்சி அமைக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி அறிமுகமானது அன்றுதான் என்று சொல்லலாம். பிரிஸ்பேன் மக்களுக்கு அது அதற்கு முன்பே பழக்கம். அந்த நகரத்துக்கு மேற்கே, இப்ஸ்விச் அருகிலுள்ள ஆம்பர்லி தளத்தில்தான் எஃப்-111 படைப்பிரிவுகள் இருந்தன. நகரின் ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் நடக்கும் ரிவர்ஃபயர் வாணவேடிக்கையில் இந்த விமானம் தீ கக்கிக்கொண்டு ஆற்றின் மேல் பறப்பதற்காகவே மக்கள் திரண்டார்கள்.

ஆஸ்திரேலியர்களுக்கு இந்த விமானத்தின் மீதிருந்த பற்று அவ்வளவு எளிதாக வந்ததல்ல. 1963-இல் ஆஸ்திரேலிய அரசு 24 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. 1968-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் ஆலையில் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட பிறகும், இறக்கை மடங்கும் மூட்டைத் தாங்கும் உலோகப் பகுதியில் விரிசல்கள் தெரியவந்ததால், அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே முடங்கிக் கிடந்தன. செலவு ஏறிக்கொண்டே போனது, எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தில் கிழித்தன, இடைக்காலத்துக்கு அமெரிக்காவிடமிருந்து ஃபேன்டம் விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1973 ஜூன் 1 அன்றுதான் முதல் தொகுதி ஆம்பர்லியில் இறங்கியது. அதன்பின் 37 ஆண்டுகள், அமெரிக்கா தன் கடைசி எஃப்-111-ஐ 1998-இல் ஓய்வுக்கு அனுப்பிய பிறகும், ஆஸ்திரேலியா மட்டும் அதைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. படையினர் அதற்கு வைத்த செல்லப் பெயர் பன்றி.

பிழம்பைக் கொண்டாடிய நகரத்துக்கு அருகிலேயே அந்த எரிபொருள் தொட்டிகளின் இன்னொரு கதையும் நடந்தது. எஃப்-111-இல் எரிபொருள் தனிப் பைகளில் இருக்கவில்லை; விமானத்தின் உலோகச் சட்டகமே தொட்டியாக அமைந்து, இணைப்புகள் பிசின் போன்ற ஒரு பூச்சால் அடைக்கப்பட்டிருந்தன. அந்தப் பூச்சு சிதைந்து கசியத் தொடங்கியதால், 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஆம்பர்லியின் தரைப் பணியாளர்கள் அந்த ஒடுக்கமான தொட்டிகளுக்குள் ஊர்ந்துபோய், கடும் நாற்றமுள்ள ரசாயனங்களால் பழைய பூச்சைக் கரைத்துச் சுரண்டி, புதியதைப் பூச வேண்டியிருந்தது. போதிய பாதுகாப்பின்றி அந்த வேலையைச் செய்த நூற்றுக்கணக்கானோர் பின்னாளில் உடல்நலக் குறைவுகளைத் தெரிவித்தார்கள். பணி 2000-இல் நிறுத்தப்பட்டது. விமானப்படையே அமைத்த விசாரணைக் குழு 2001-இல் அறிக்கை அளித்தது. சிட்னியில் பிழம்பு பறந்ததும் அதே 2000-இல்தான். கொட்டி எரித்த எரிபொருளின் விலையைப் பற்றி அங்கலாய்த்தவர்கள் பலர். அதைத் தாங்கிய தொட்டிகளுக்காகக் கொடுக்கப்பட்ட விலையைப் பற்றிப் பேச நாடாளுமன்றக் குழு கூடியது 2000-களின் இறுதியில்தான்.

சுற்றுச்சூழலை வைத்துப் பார்த்தால் ஒரு வினோதமான முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. காட்சிக்காகச் சில நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் எரிபொருளைப் பற்றவைக்காமல் கொட்டினால், அது ஆவியாக நேரமின்றிக் கீழே நிற்பவர்கள் மேலேயே விழும். பற்றவைத்தால் கரியும் கார்பன் டை ஆக்சைடும் மிஞ்சுகின்றன, திரவம் தரையைத் தொடுவதில்லை. தாழ்வான உயரத்தில் எரிப்பதே நனைப்பதை விட மேல். ஆனால் இது காட்சிக்கு ஆதரவான வாதமாகாது. கொட்டாமலே இருந்திருக்கலாம் என்ற மூன்றாவது வழி எப்போதும் திறந்தே இருந்தது. உண்மையான அவசரத்தில், போதிய உயரத்தில், ஆஃப்டர்பர்னரை இயக்காமல் கொட்டுவதே இந்த விமானத்துக்கும் உரிய முறை.

எஃப்-111 விமானங்கள் 2010 டிசம்பர் 3 அன்று ஓய்வுபெற்றன. அவற்றுக்கு மாற்றாக 2010 மார்ச் முதல் ஆம்பர்லிக்கு வந்த சூப்பர் ஹார்னெட் விமானங்களாலும் எரிபொருளைக் கொட்ட முடியும், அவற்றின் இன்ஜின்களிலும் ஆஃப்டர்பர்னர் உண்டு. இருந்தும் ரிவர்ஃபயர் கூட்டத்துக்கு அவை பிழம்பைக் காட்ட முடிந்ததில்லை. ஹார்னெட் குடும்பத்தில் எரிபொருள் வெளியேறும் வாய்கள் சாய்ந்து நிற்கும் இரட்டை வால்துடுப்புகளின் மேற்பகுதியில், பின்விளிம்பில் உள்ளன. நாசில்களிலிருந்து அவை வெகுவாக விலகியும் உயர்ந்தும் இருப்பதால் சாரலும் தீயும் பற்றிக்கொள்ளும் தொலைவில் சந்திப்பதில்லை. விமானந்தாங்கிக் கப்பலில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எடையைச் சரிபார்க்க வேண்டிய விமானத்துக்கு, எந்த நிலையிலும் தயங்காமல் கொட்டக்கூடிய இடம் அதுதான்.

அடுத்து வந்த எஃப்-35 போர் விமானத்தில் சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வந்தது. சோதனைப் பறப்புகளில், இறக்கைக்கு அடியிலிருந்து வெளியேறிய எரிபொருள் விலகிச் செல்லாமல், இறக்கையின் அடிப்பரப்பை ஒட்டியே பரவி, பின்விளிம்பின் அசையும் பகுதிகளின் இடுக்குகளில் தேங்கியது. வெப்ப வாயு வெளியேறும் வாய்களுக்கு அருகே இப்படி ஈரம் தங்குவது தீ அபாயம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை மதிப்பீட்டு அலுவலகம் 2010-களின் தொடக்கத்தில் குறித்தது. சாதாரணப் பறப்பில் கொட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டு, அடைப்பு மூடிகளும் வெளியேறும் அமைப்பும் மாற்றிச் சோதிக்கப்பட்டன. ராடாருக்குத் தென்படாத வடிவத்தைக் கெடுக்காமல் ஒரு குழாயை வெளியே நீட்ட முடியாது என்பதால் அந்த வேலை எளிதாக இருக்கவில்லை. எஃப்-111-இன் வாலில் இருந்ததைப் போல் துருத்திக்கொண்டிருக்கும் குழாய் நனையும் சிக்கலை நொடியில் தீர்த்திருக்கும். ராடார் திரையில் அது உடனே தெரிந்தும் போயிருக்கும்.